"தப்பு என்னுடையதுதான்" என்று தொடங்கும் புகார்கள்

சனிக்கிழமை காலை, கிளையின் கதவு திறந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் உள்ளே வந்தார். முப்பது ஆண்டுகளாக எங்களிடம் கணக்கு வைத்திருப்பவர். ஓய்வூதியம் வரவான மறுநாள் தவறாமல் வந்து பாஸ்புக்கில் பதிவு போட்டுக்கொள்வார். இயந்திரம் அச்சிட்ட இருப்பைத் தாமும் ஒருமுறை மனத்துக்குள் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். அன்றைக்கு அவர் எந்தக் கவுன்ட்டருக்கும் வரவில்லை. சுவரோர நாற்காலியில், பையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அமர்ந்திருந்தார். கூட்டம் சற்றுக் குறைந்ததும் எழுந்து வந்து, தாழ்ந்த குரலில், "புகாரெல்லாம் ஒன்றும் வேண்டாம் சார். தப்பு என்னுடையதுதான். கணக்கில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

அவர் பெயரையும் ஊரையும் இங்கே தவிர்க்கிறோம். நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை மாலை அவருடைய செல்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கிறது: சென்ற மாத மின்கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு இணைப்புத் துண்டிக்கப்படும், உடனே கீழ்க்கண்ட அதிகாரியை அழைக்கவும். அழைத்தார். மறுமுனையில் இருந்தவர் மரியாதையாகவே பேசினார். ஒரு செயலியைப் பதிவிறக்கிக்கொண்டு, சரிபார்ப்புக்காக 10 ரூபாய் மட்டும் செலுத்தச் சொன்னார். அன்றிரவே 62,000 ரூபாய் போயிற்று. பணம் கழிக்கப்பட்ட தகவலைப் பார்த்த கணமே, ஏமாந்துவிட்டோம் என்பது ஆசிரியருக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகு மூன்று பகல்கள் அவர் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. வெளியூரில் இருக்கும் மகளிடமும் சொல்லவில்லை, எங்களிடமும் சொல்லவில்லை. செல்பேசியைத் தொடவே அஞ்சி அதை மேசை அறைக்குள் போட்டு மூடியிருந்தாராம். உள்ளே கிடந்த அந்தச் செயலியோ, வருகிற ஓ.டி.பி.யையெல்லாம் வேறோர் எண்ணுக்கு அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. வியாழக்கிழமை விடியற்காலையில், இணையவழியில் வைத்திருந்த வைப்புத்தொகை ஒன்று முறிக்கப்பட்டு மேலும் 1,25,000 ரூபாய் வெளியேறியது.

முதல் தொகையை எடுத்தது திருடனின் சாமர்த்தியம். இரண்டாவது தொகைக்கு அவனுக்கு அவகாசம் வாங்கித் தந்தது ஆசிரியரின் வெட்கம். இப்படி எழுதும்போதே எங்கள் எழுதுகோல் சற்றுத் தயங்குகிறது. ஏற்கெனவே தம்மை நொந்துகொண்டிருப்பவர் மீது இன்னும் ஒரு பழியை ஏற்றுகிறோமோ என்று. எங்கள் நோக்கம் அதுவன்று. தன்னைத்தானே குற்றம் சாட்டிக்கொள்வது வெறும் மனவருத்தம் என்றும், அதனால் வெளியே எதுவும் மாறிவிடாது என்றும் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் அமர்ந்திருப்பவர்களுக்கு, அது நாட்களையும் மணிகளையும் விழுங்குவது கண்கூடாகத் தெரிகிறது.

பணத்தை இழந்தவர்கள் பேசும் மொழியைக் கவனித்திருக்கிறோம். வீட்டில் திருட்டுப் போனால், "திருடன் வந்து பூட்டை உடைத்துவிட்டான்" என்போம், எழுவாய் திருடன். இணையத்தில் திருட்டுப் போனால், "நான் ஏமாந்துவிட்டேன்" என்போம், எழுவாய் நாம். அடுத்த வாக்கியம் பெரும்பாலும், "என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்" என்பதாக இருக்கும். வாக்கியத்திலிருந்து திருடன் காணாமற் போய்விடுகிறான்.

அமெரிக்க உளவியலாளர் ரானி ஜானோஃப்-புல்மன் 1979-இல் எழுதிய ஒரு கட்டுரையில் தற்பழியை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். 'நான் செய்த இந்தக் காரியம் தவறு' என்பது ஒன்று. 'நானே இப்படிப்பட்ட ஆள்தான்' என்பது மற்றொன்று. முதலாவது ஒரு செயலைச் சுட்டுகிறது; செயலை மாற்றிக்கொள்ளலாம் என்பதால் நாளையைப் பற்றி ஒரு பிடிமானம் மிஞ்சுகிறது. இரண்டாவது ஆளையே சுட்டுகிறது. அங்கே மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை, மறைப்பதற்கு மட்டுமே இருக்கிறது. முதல் வகை உண்மையிலேயே நன்மை தருமா என்பதில் பிற்கால ஆய்வுகள் ஒரே முடிவுக்கு வரவில்லை. ஆயினும் அந்தப் பிரிவினை எங்கள் அனுபவத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது. "தெரியாத செயலியை இறக்கிவிட்டேன்" என்று சொல்பவர் அன்றே வந்துவிடுகிறார். "நான் ஒரு முட்டாள்" என்று சொல்பவர் நான்காம் நாள் வருகிறார். அல்லது வருவதே இல்லை.

இங்கே வங்கித்துறையின் ஒரு விதியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வாடிக்கையாளரின் அனுமதியின்றி நடக்கும் மின்னணுப் பரிவர்த்தனைகளில் இழப்பு யாரைச் சேரும் என்பதை இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை வரையறுத்தது. தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, இடையில் வேறெங்கோ நேர்ந்தது என்றால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு ஏதுமில்லை. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் அவருடைய பொறுப்பு ஓர் உச்சவரம்புக்குள் நின்றுவிடும். வழக்கமான சேமிப்புக் கணக்குக்கு அது 10,000 ரூபாய். கடவுச்சொல் போன்றவற்றை வாடிக்கையாளரே பகிர்ந்துவிட்டார் என்றால், தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையது. தெரிவித்த பிறகு நேரும் இழப்பு வங்கியுடையது.

கடைசி வரியை இன்னொரு முறை படித்துப் பார்க்கலாம். கவனக்குறைவு நம்முடையதாகவே இருந்தாலும், நாம் வாயைத் திறந்து சொன்ன நிமிடத்தில் கணக்கு மாறுகிறது. அந்தச் சுற்றறிக்கை இரண்டே கேள்விகளைக் கேட்கிறது: என்ன செய்தீர்கள், எப்போது தெரிவித்தீர்கள். நீங்கள் எப்படிப்பட்டவர் என்று அதில் எங்கேயும் கேட்கப்படவில்லை. சட்ட மொழியில் எழுதப்பட்ட, ஈரமே இல்லாத ஒரு ஆவணம், நாம் நம்மிடம் காட்டுவதைவிடக் கண்ணியத்தை நம்மிடம் காட்டுகிறது.

ஆசிரியர் செவ்வாய் இரவே தெரிவித்திருந்தால் இணையவழிச் சேவை அப்போதே முடக்கப்பட்டிருக்கும். 1930 என்ற எண் இதற்காகவே இருக்கிறது. இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண்ணாகிய அதை அழைத்ததும், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் செல்கிறது. அந்தக் கணக்கில் இன்னும் எஞ்சியிருக்கும் தொகை நிறுத்திவைக்கப்படுகிறது. திருடப்பட்ட பணம் ஒரே இடத்தில் தங்குவதில்லை. ஒன்று இரண்டாகி, இரண்டு ஐந்தாகி, வாடகைக்கு விடப்பட்ட பல கணக்குகள் வழியே பிரிந்து கடைசியில் ரொக்கமாக எடுக்கப்பட்டுவிடும். அந்த ஓட்டத்துக்கும் நம் தொலைபேசி அழைப்புக்கும் இடையில்தான் பந்தயம்.

பின்னால் பார்த்தால் எல்லாம் தெரியும்

"அந்த எண்ணைப் பார்த்தாலே தெரிந்திருக்க வேண்டுமே!" என்று ஆசிரியர் அன்று பலமுறை சொன்னார். உண்மையில் தெரிந்திருக்க வேண்டுமா?

பரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற ஆய்வாளர் 1975-இல் ஒரு சோதனை நடத்தினார். 1814-இல் பிரிட்டிஷ் படைக்கும் கூர்க்கர்களுக்கும் மூண்ட போரைப் பற்றிய குறிப்பை ஆய்வில் பங்கேற்றவர்களிடம் படிக்கக் கொடுத்தார். போர் முடிந்திருக்கக்கூடிய நான்கு விதங்களையும் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்று மதிப்பிடச் சொன்னார். சிலரிடம் மட்டும், நான்கில் ஏதோ ஒன்றைக் குறிப்பிட்டு, 'இப்படித்தான் முடிந்தது' என்று முன்கூட்டியே கூறப்பட்டிருந்தது. எந்த முடிவு கூறப்பட்டதோ அதற்கே அவர்கள் கூடுதல் வாய்ப்பு அளித்தார்கள். முடிவைக் கேட்ட பிறகு, அது முதலிலிருந்தே வெளிப்படையாக இருந்ததுபோலத் தோன்றிவிடுகிறது. முடிவை அறியாதவர்போல மதிப்பிடுங்கள் என்று கேட்டுக்கொண்டபோதும் அந்தத் தோற்றம் விலகவில்லை.

செவ்வாய் மாலை ஆசிரியருக்குத் தெரிந்திருந்தது என்ன? மின்துறையிலிருந்து வந்ததாகத் தோன்றிய ஒரு செய்தி, இரண்டு மணி நேரக் கெடு, இருட்டப்போகும் வீடு. சனிக்கிழமை காலை அவருக்குத் தெரிந்திருந்தது முழுக் கதையும். சனிக்கிழமையின் அறிவை வைத்துச் செவ்வாய்க்கிழமையின் மனிதரை விசாரிக்கிறார். விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, கணக்கு எளிதாகத்தானே இருந்தது என்று மாணவனைக் கடிந்துகொள்வது நியாயமா என்று அவரிடம் கேட்டோம். முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த மோசடிகள் நம் கெட்ட குணங்களைப் பிடித்துத்தான் நுழைகின்றன என்று ஒரு நம்பிக்கை உண்டு. பேராசைக்காரன்தான் ஏமாறுவான் என்பார்கள். சில முதலீட்டு மோசடிகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எங்கள் ஆசிரியர் முப்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட மின்கட்டணத்தைத் தாமதமாகக் கட்டியவரல்லர். 'கட்டணம் பதிவாகவில்லை' என்ற வரி அவரைப் பதற வைத்ததற்குக் காரணமே அந்த ஒழுங்குதான். கட்டாமல் விடுவதையே வழக்கமாகக் கொண்டவர் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போயிருப்பார். அதிகாரிக்குப் பணிவது, கெடுவை மதிப்பது, பிள்ளைகளுக்குச் சிரமம் வைக்கக் கூடாது என்று நினைப்பது ஆகிய நற்பழக்கங்களைப் பற்றிக்கொண்டுதான் திருடன் ஏறி வருகிறான்.

'டிஜிட்டல் கைது' என்ற பெயரில் நடப்பதும் இதுவே. இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைது கிடையாது. பிரதமரே 2024 அக்டோபர் 27 அன்று தம் வானொலி உரையில் அதை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அதே ஆண்டில், வர்த்தமான் ஜவுளிக் குழுமத்தின் தலைவரான எஸ்.பி. ஓஸ்வால், தம் 82-ஆம் வயதில், போலி அதிகாரிகளாலும் காணொளியில் நடந்த போலி உச்ச நீதிமன்ற விசாரணையாலும் மிரட்டப்பட்டு 7 கோடி ரூபாயை இழந்தார். பல்லாயிரம் பேர் வேலை செய்யும் தொழிலை நடத்தியவர். பத்ம பூஷண் பெற்றவர். அவர் காவல்துறையிடம் சென்றார். அதன் பிறகு ஊடகங்களிடமும் நடந்ததை வெளிப்படையாகப் பேசினார். 5.25 கோடி ரூபாய் மீட்கப்பட்டது. மறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

சற்றுப் பழைய கணக்கு ஒன்றும் உண்டு. 1720-இல் இங்கிலாந்தில் 'தென்கடல் நிறுவனம்' என்ற கம்பெனியின் பங்குகள் ஊதிப் பெருத்து வெடித்தபோது, பெருந்தொகையை இழந்தவர்களில் ஐசக் நியூட்டனும் ஒருவர். அப்போது அவர் அரச நாணயச்சாலையின் தலைவரும்கூட. அது மோசடிக் குறுஞ்செய்தி அல்லதான்; ஆனாலும் அறிவுக்கூர்மை ஒன்றே காப்பு என்று நினைப்பவர்கள் அதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

ஏற்பது வேறு, விட்டுவிடுவது வேறு

தன்னைப் பரிவோடு ஏற்றுக்கொள் என்றால், நம் மக்களில் பலருக்கு அது சோம்பலுக்கான அனுமதிச் சீட்டுப் போலக் காதில் விழுகிறது. பழியைப் பிறர்மேல் போடாதே, உன்னைத் திருத்திக்கொள் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அது நல்ல வளர்ப்புத்தான். அதன் நிழலில்தான் தற்பழியும் ஒரு பண்புபோல வேடமிட்டு வளர்ந்துவிடுகிறது. தவிர, தமிழில் 'தன்னிரக்கம்' என்றாலே ஓர் இளக்காரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'கழிவிரக்கம்' என்ற பழைய சொல் இதைவிடச் சரியாகப் பேசுகிறது: கழிந்துபோனதற்காக இரங்குதல். அந்த இரக்கம் இயல்பானது. அங்கேயே உட்கார்ந்துவிடுவதுதான் சிக்கல்.

கிறிஸ்டின் நெஃப் என்ற உளவியலாளர் 2003 முதல் எழுதிவருவது தன்னிரக்கத்தைப் பற்றியன்று, தற்பரிவைப் பற்றி. நண்பனுக்குக் காட்டும் கனிவைத் தனக்கும் காட்டுவது, இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று என்று உணர்வது, வலியை மிகைப்படுத்தாமலும் அமுக்காமலும் உள்ளபடி பார்ப்பது என்று மூன்று கூறுகளை அவர் சொல்கிறார். நடுவிலிருப்பதுதான் எங்கள் பார்வையில் முதன்மையானது. ஏமாந்தவர் ஒவ்வொருவரும் உலகிலேயே தாம் ஒருவர்தான் இப்படிச் சிக்கினோம் என்ற தனிமையோடு வருகிறார். அதே வாரத்தில், அதே நாற்காலியில், அதே மின்கட்டணச் செய்தியால் பாதிக்கப்பட்ட இன்னொருவர் அமர்ந்திருந்தார் என்பது அவருக்குத் தெரிவதில்லை. எங்களுக்குத் தெரியும், ஆனால் மற்றவரின் கதையைச் சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை.

பரிவு ஆளைச் சோம்பலாக்கிவிடும் என்ற ஐயத்துக்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு விடை கிடைக்கிறது. கடினமான தேர்வில் சறுக்கிய மாணவர்களில் ஒரு பிரிவினரிடம், இது பலருக்கும் நேர்வதுதான், உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டாம் என்று கூறப்பட்டது. மற்றொரு பிரிவினரிடம், நீங்கள் அறிவாளிகள்தான் என்று தன்மதிப்பைத் தூக்கிவிடும் சொற்கள் கூறப்பட்டன. அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் படித்தவர்கள் முதல் பிரிவினரே.

எனவே, உணர்வை ஏற்பது என்பதற்கு நாங்கள் கொள்ளும் பொருள் எளியது. வயிற்றில் ஒரு பள்ளம் விழுந்ததுபோல இருக்கிறதா, அதற்கு வெட்கம் என்று பெயரிடுவது. பயமா, கோபமா, அதையும் பெயர் சொல்லி அழைப்பது. வெட்கம் போன பிறகு போன் செய்கிறேன் என்று காத்திருந்தால் அது போகாது; வெட்கத்தோடேயே 1930-ஐ அழைக்கலாம். குரல் நடுங்கினாலும் மறுமுனையில் புகாரைப் பதிவு செய்துகொள்வார்கள்.

வீட்டிலிருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. "படித்தவர் நீங்களே இப்படிச் செய்யலாமா?" என்ற கேள்வியைப் பலர் அக்கறையோடுதான் கேட்கிறார்கள். கேட்கப்படுபவருக்கு அது தீர்ப்பாகிவிடுகிறது. அடுத்த முறை ஏதாவது நேர்ந்தால் அவர் வீட்டுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்ற பழமொழியையும் அந்த நேரத்தில் யாராவது ஒருவர் எடுத்து வீசிவிடுகிறார். எங்கள் தரப்பையும் மறைக்கப்போவதில்லை. "ஓ.டி.பி.யை ஏன் சொன்னீர்கள்?" என்பதையே முதல் கேள்வியாக நாங்கள் கேட்ட நாட்கள் உண்டு. சுவரில் நாங்களே ஒட்டியிருக்கும் 'விழிப்புடன் இருங்கள், ஏமாறாதீர்கள்' என்ற சுவரொட்டியை, ஏமாந்த பிறகு ஒருவர் எப்படிப் படிப்பார் என்று நாங்கள் அதிகம் யோசித்ததில்லை. 'ஏமாந்துவிட்டால் இன்றே சொல்லுங்கள்' என்ற வரியும் அதே அளவு எழுத்தில் அங்கே இருந்திருக்க வேண்டும்.

சிலருக்கு இந்த வருத்தம் நாட்கணக்கில் ஓயாமல் தூக்கத்தையும் பசியையும் கெடுக்கும். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம்கூடத் தலைகாட்டும். அந்த நிலையில் காத்திருக்க வேண்டாம். 14416 என்பது மைய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மனாஸ் மனநல உதவி எண். கட்டணமில்லை, 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். இழந்த தொகை எவ்வளவு பெரியதானாலும் அது ஒரு தொகை மட்டுமே.

அந்தச் சனிக்கிழமைக்குத் திரும்புகிறோம். முதலில் அவருடைய இணையவழிச் சேவையை முடக்கினோம். பிறகு எங்கள் தொலைபேசியிலிருந்தே 1930-ஐ அழைத்தோம். பின்னாளில் தெரியவந்தபடி, இரண்டாவது தொகையில் 18,000 ரூபாய் மட்டும் ஒரு கணக்கில் எஞ்சியிருந்து நிறுத்திவைக்கப்பட்டது. மற்றது போனதுதான். அடுத்து மகளை அழைக்கச் சொன்னோம். அதற்கு அவர் ஒப்பவேயில்லை. அவள் கோபித்துக்கொள்வாள் என்றார். பத்து நிமிடம் கழித்துத் தாமாகவே எண்ணைச் சொன்னார். ஒலிபெருக்கியில் இருந்ததால் எங்களுக்கும் கேட்டது. அவர் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிக்கும் வரை மறுமுனையில் பேச்சே இல்லை. பிறகு அந்தப் பெண், "காலையில் ஏதாவது சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்டாள்.

அவர் சாப்பிட்டிருக்கவில்லை. எதிர்க்கடையிலிருந்து இட்லி வரவழைத்தோம். சாப்பிட்டுக் கை கழுவி வந்து, எழுத்துமூலப் புகாருக்கான தாளை முன்னால் வைத்துக்கொண்டார். 'என்னுடைய முட்டாள்தனத்தால்' என்று தொடங்கி ஒரு வரி எழுதினார். சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தேர்வுத்தாளில் தவறான படியை அடிப்பதுபோல, ஒரே நேர்கோடாக அதை அடித்துவிட்டு, கீழே புதிதாகத் தொடங்கினார்: 'செவ்வாய்க்கிழமை மாலை 7.10 மணிக்கு எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது.'